ஆரணிக்கு அப்பால் ஒரு குருச்சேத்திரம்

முதல் நாள்: தபசு மரம்

கத்திரி வெயில் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கே வேலூர்ப் பேருந்து நிலையத்தில் நிழலைத் தேடித்தான் நிற்க வேண்டியிருந்தது. கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குச் சென்று, அங்கே செய்யாறு வண்டிக்கு மாறிப் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் என் தாயார் பிறந்த ஊர் வந்துவிடும். அந்த ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த வைகாசியில் பாரதம் வைத்திருக்கிறார்கள்.

பாரதம் வைப்பது என்பது எங்கள் பக்கத்துச் சொல். கொடியேற்றிக் காப்புக் கட்டியபின், பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதப் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்வார். அதே கதையை இரவில் விடிய விடியக் கூத்தாக ஆடுவார்கள். சில கட்டங்களை மட்டும் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவந்து, மரத்திலும் தெருவிலும் வயல்வெளியிலும் ஊரே கூடி நடத்தும். பிரசங்கம் தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. எஞ்சிய எட்டு நாளும் இங்கேயே தங்குவதென்று விடுப்பு எடுத்து வந்திருக்கிறேன். அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதிப் பதிவதாக எண்ணம்.

என் தாயாரைப் பெற்ற ஆயா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "துகில் அன்னைக்கே வருவன்னு பாத்தேன் கண்ணு" என்றார். பாஞ்சாலியின் சேலையை உரிந்த இரவு நான்கு நாளைக்கு முன்பே நடந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கூந்தல் அவிழ்ந்தே கிடக்கிறது, அதை முடிக்கும் நாள் அடுத்த வாரம் வருகிறது என்பதை, பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு செய்தியைச் சொல்வது போல ஆயா சொன்னார்.

இன்று அர்ச்சுனன் தபசு. ஊருக்குக் கிழக்கே தரிசு நிலத்தில் ஒரு பனைமரத்தை முழுதாகக் கொண்டுவந்து நட்டு, இருபுறமும் படி அடித்து, உச்சியில் பலகை கட்டியிருந்தார்கள். அதுதான் தபசு மரம், அதுவே கயிலை. பாசுபதாத்திரம் வேண்டித் தவத்துக்குப் போகும் அர்ச்சுனன், படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறினார். கீழே நின்றவர்கள் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சலங்கை கட்டிய கால் ஒவ்வொரு படியிலும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டே எடை வைத்தது.

மரத்தடியில் குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் குளித்த ஈரச் சேலையோடு குப்புறப் படுத்திருந்தார்கள். பிற்பகல் மண்ணின் சூடு செருப்பைத் தாண்டி எனக்கே தெரிந்தது. அவர்கள் அசையவில்லை. உச்சிக்குப் போன அர்ச்சுனன் வில்வ இலை, பூ, விபூதிப் பொட்டலம், எலுமிச்சம்பழம் என்று மடியில் கட்டிக்கொண்டு போனவற்றை ஒவ்வொன்றாக வீசத் தொடங்கியதும் அத்தனை பேரும் எழுந்து முந்தானையை ஏந்தினார்கள். ஓர் எலுமிச்சம்பழம் தரையில் பட்டு உருண்டு என் காலருகே வந்து நின்றது. எடுத்துப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் வேகமாக வீட்டை நோக்கி நடந்தார். கூத்து முடியும்வரை அவர் திரும்பி வரவில்லை.

இரண்டாம் நாள்: விராடன் ஊர்

இன்று பிற்பகல் பிரசங்கத்தில் விராட பருவம். விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள நம்பிக்கை. ஏரி வறண்டு கிடக்கும் ஊரில் இந்தப் பகுதியைக் கேட்க மட்டும் கூட்டம் இரட்டிப்பாக வந்தது. பிரசங்கியார் எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு விருத்தத்தை முதலில் இழுத்துப் பாடிவிட்டு, பிறகு அதைச் சீர்சீராகப் பிரித்து, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சிலேயே பொருள் சொல்கிறார். வில்லிபாரதம் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. அதில் பெரும்பகுதியை அவர் நூலைப் பார்க்காமலேயே பாடுகிறார்.

இந்த வட்டாரத்தில் பாரதம் படிப்பது நேற்று வந்த வழக்கமில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அங்கே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட்டதை அது சொல்கிறது. கூரத்துக்கும் இந்த ஊருக்கும் அதிகத் தொலைவில்லை. ஒலிபெருக்கி வழியாக ஏரிக்கரை வரை கேட்ட அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த 1,300 ஆண்டுகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மாலையில் மாடுபிடிச் சண்டை. ஊர் மாடுகளைக் கௌரவர் கவர்ந்து செல்வதாக ஓட்டிப்போவதும், அர்ச்சுனன் மீட்டுக் கொண்டுவருவதும் தெருவிலேயே நடந்தது. மாடுகள் மிரண்டு சந்துக்குள் புகுந்ததால் மீட்பதற்கு விராட நாட்டில் ஆனதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு வடமேற்கே மின்னியது. தூறல் புழுதியை அடக்குமளவுக்கு விழுந்து நின்றுவிட்டது. "வந்துச்சில்ல" என்று ஆயா நிறைவோடு சொல்லிவிட்டுப் படுத்தார்.

மூன்றாம், நான்காம் நாட்கள்

இரண்டு இரவு தொடர்ந்து விழித்ததில் நேற்றுப் பதிவு எழுத இயலவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிருஷ்ணன் தூது இரவில்தான் துரியோதனனை முதன்முதலாகப் பார்த்தேன். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும்போது கிரீடத்தின் உச்சியும் சலங்கைக் கால்களும் மட்டுமே தெரிந்தன; திரை விலகியதும், சுழன்று சுழன்று ஆடுகளமான களரியை மூன்று முறை சுற்றி வந்தபோது, முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து ஊர் கேட்டு, ஐந்து வீடு கேட்டு, அதுவும் இல்லையென்று கிருஷ்ணன் திரும்பும்வரை கதை எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனாலும் என் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் ஒவ்வொரு மறுப்புக்கும் "குடுத்துடுடா, குடுத்துடு" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த முறையாவது அவன் கொடுத்துவிடக் கூடாதா என்று அவர் கேட்பது போல இருந்தது.

அடுத்த இரவு அரவான் களபலியும் அபிமன்னன் சண்டையும். போர் வெல்ல முப்பத்திரண்டு இலட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலி தர வேண்டும், அதற்கு அர்ச்சுனனின் மகன் அரவான் தன்னையே தருகிறான் என்ற இந்தக் கதை வியாசரிடம் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே தமிழில் வந்துவிட்டது. கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அறுப்பதும் இந்த அரவானுக்காகவே. இங்கே அது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அபிமன்னனாக ஆடிய இளைஞர் மிக நன்றாகச் சுழன்றார். என் கண்தான் மூடிக்கொண்டது.

ஐந்தாம் நாள்: கர்ண மோட்சம்

கூத்துக்காரர்களின் குழுவை இங்கே ஜமா என்கிறார்கள். மாமா விழாக் குழுவில் இருப்பதால், வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை அழைத்து வந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் சொல்லி, இன்று வேடம் போடும் பள்ளிக்கூட அறையில் உட்கார அனுமதி கிடைத்தது.

கர்ணனாக ஆடுபவரும் துரியோதனனாக ஆடுபவரும் ஒருவரே. ஐம்பது வயதிருக்கும், பகலில் மணிலாவும் (வேர்க்கடலை) நெல்லும் பயிரிடும் விவசாயி. கையளவுக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து, தரையில் சம்மணமிட்டு, முதலில் தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு சிவப்பை முகம் முழுக்கப் பூசி, அது காயக் காத்திருந்து, தென்னை ஈர்க்கை முத்துவெள்ளையில் தோய்த்துப் புருவத்திலிருந்து கன்னம்வரை புள்ளி புள்ளியாக வைத்தார். ஒரு புள்ளிகூட மற்றொன்றைத் தொடவில்லை. வலப்பக்கம் முடித்துவிட்டு இடப்பக்கம் தொடங்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வதைக் கவனித்தேன். இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அதன்பிறகு கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய மர அணிகளுக்குத்தான் அந்தப் பெயர். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, சரிகைக் காகிதமும் கண்ணாடித் துண்டும் பதித்தவை. தெருக்கூத்து என்ற பெயரே ஊரெங்கும் வழங்கினாலும், இந்த அணிகளைக் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து என்பதே சரியான பெயர் என்று காஞ்சிபுரம் பக்கத்தில் 1990இல் தொடங்கிய சங்கம் வாதிட்டு வந்திருக்கிறது. செய்யாறு வட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையினர் தெருக்கூத்து என்றே மன்றம் வைத்திருக்கிறார்கள். சென்னை நவீன நாடகக்காரர்கள் பலர் கூத்தைக் கற்றது அவர்களிடம்தான். நான் கேட்டபோது கர்ணனார் கச்சையை இறுக்கிக்கொண்டே, "நாங்க ஆட்டம்னுதாங்க சொல்லுவோம்" என்றார். துணி நாடாக்களால் புஜக்கட்டையைத் தோளோடு சேர்த்துக் கட்டியபின் அவரால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கிரீடத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் வைத்தார்கள். வைத்த நொடியில் அவர் பேச்சை நிறுத்தினார்.

வாடகைக்கு எடுத்திருந்த ஒலிபெருக்கி நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியளவில் நின்றுபோனது. சரிசெய்ய ஆள் வர ஒரு மணி நேரமாயிற்று. அந்த நேரத்தில்தான் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்தது. தேரோட்டி வளர்த்தவன் என்று கணவனை இத்தனை நாள் இகழ்ந்தவள், அவன் குந்தியின் மூத்த மகன் என்று இப்போதுதான் அறிகிறாள். விடிந்தால் அவன் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத அந்த ஒரு மணி நேரம் கூட்டம் முழுவதும் முன்னால் நகர்ந்து களரியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்துகொண்டது. முகவீணை என்னும் ஊதுகுழல் ஓங்கும்போது குரல் கேட்கவில்லை. அது தாழும்போது கர்ணனின் மூச்சிரைப்பும் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் காரியத்தன்று இரவு கர்ண மோட்சம் ஆட வைப்பது உண்டு. என் தாத்தாவின் காரியத்திலும் ஆடினார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது, தூங்கிவிட்டேன். இன்று ஆயா என் தோளைப் பிடித்துக்கொண்டே முழுவதையும் பார்த்தார்.

ஆறாம் நாள்: மண் உருவம்

இந்தப் பயணத்தில் நான் காண வந்தது இன்றைய வேலையைத்தான். தபசு மரம் நட்டிருந்த அதே தரிசில், ஏரியிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிய மண்ணைக் கொண்டு துரியோதனனை மல்லாந்து படுத்த நிலையில் செய்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அது வெறும் மேடாக இருந்தது. பத்து மணிக்குக் கால்கள் பிரிந்தன. காலடி வைத்து அளந்து பார்த்தேன்; கிரீடத்திலிருந்து பாதம்வரை 48 அடி வந்தது.

வேலையை நடத்தியவர் ஊரில் எல்லாரும் தாத்தா என்று அழைக்கும் ஒரு பெரியவர். உடம்பை இளைஞர்களிடம் விட்டுவிட்டு முகத்தை மட்டும் தாமே செய்தார். வைக்கோல் கலந்து மிதித்த களிமண்ணை உருட்டி மூக்கை வைத்து, நாலடி தள்ளிப்போய் நின்று பார்த்து, திரும்பி வந்து எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். மூன்றாம் முறைதான் அவருக்கு ஒத்துவந்தது. கன்னத்தை ஈரக் கையால் தேய்த்த விதம், குழந்தையைக் குளிப்பாட்டும் போது காதுப்பக்கம் தேய்ப்போமே, அப்படி இருந்தது. நாளை காலை மிதித்து உடைக்கப்போகும் முகத்துக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

"சாவப் போறவன்தான் கண்ணு. ஆனா ராஜா இல்லியா? மொகம் லட்சணமா இருக்கணும்" என்றார்.

பிற்பகலில் சுண்ணாம்பும் செம்மண்ணும் கரியும் கொண்டு வண்ணம் தீட்டினார்கள். மீசை முறுக்கு காதுவரை போயிற்று. வலக்கையில் மண்ணாலேயே கதாயுதம். தொடையில் ஒரு குழி பறித்து, குங்குமம் கரைத்த நீர் நிறைந்த பானையைப் புதைத்து, மேலே மெல்லிய மண்பூச்சு பூசி மூடினார்கள். அந்த இடத்தில் யாரும் காலை வைத்துவிடக் கூடாதென்று ஒரு சிறுவனைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். பொழுது சாய்ந்தபின் பெண்கள் சிலர் வந்து உருவத்தின் பாதத்தருகே சூடம் ஏற்றிக் கும்பிட்டுப் போனார்கள். நாளை இவன் விழுவதற்காகவே இத்தனை நாள் விரதம் இருந்தவர்கள் அவர்கள்.

இரவு பதினெட்டாம் போர். சகுனி விழுந்தான், சல்லியன் விழுந்தான். தனியாக நின்ற துரியோதனன் மடுவில் ஒளிந்தான். விடியும்வரை அவனைச் சாகவிடமாட்டார்கள். அந்த மரணம் கொட்டகையில் நிகழாது.

ஏழாம் நாள்: படுகளம்

காலை எட்டு மணிக்கு வீமனும் துரியோதனனும் வேடத்தோடும் சலங்கையோடும் கொட்டகையை விட்டு இறங்கினார்கள். இரவு முழுக்க ஆடிய வண்ணம் வியர்வையில் வழிந்திருந்தது. பம்பையும் மத்தளமும் முன்னே செல்ல, ஊர் பின்னே ஓடியது. அம்மனைச் சிறு தேரில் வைத்துக் களத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோயிலில் அம்மனுக்குக் காவலாக நிற்கும் போத்துராஜாவுக்கும் முத்தால் ராவுத்தருக்கும் பூசை முடித்துவிட்டுத்தான் தேரைக் கிளப்பினார்கள். பாஞ்சாலியின் வாசலில் இஸ்லாமியரான ஒரு ராவுத்தர் காவல் நிற்பது ஆற்காட்டு மண்ணில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாத செய்தி.

மண் துரியோதனனைச் சுற்றி உயிருள்ள துரியோதனன் ஓடினார், வீமன் துரத்தினார். உருவத்தின் மார்பில் ஏறி நின்று துரியோதனன் வசைபாட, வீமன் காலடியில் நின்று பதில் சொன்னார். மூன்று சுற்று முடிந்தது. இரவெல்லாம் ஆடிய உடம்பு, நாற்பது பாகை வெயில், தலையில் கட்டை. கர்ணனாகவும் அழுதவர் இவர் என்பதை நான் மறக்கவில்லை. கிருஷ்ணன் வேடதாரி தம் தொடையைத் தட்டிக் காட்டியதும், வீமனின் கதாயுதம் மண் தொடையில் இறங்கியது. பானை உடைந்து செந்நீர் பீறிட்டு வீமனின் கச்சைவரை தெறித்தது. அதே நொடியில் துரியோதனன் மண்ணின் மேல் மல்லாந்து விழுந்தார். இருவரும் ஒரே நிலையில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தார்கள்.

பாஞ்சாலியாக வந்தவர் அந்தச் செந்நீரைத் தொட்டுக் கூந்தலில் தடவினார். பெண்கள் குலவையிட்டார்கள். கோயில் பூசாரி பூச்சரத்தை நீட்ட, துகில் இரவு முதல் அவிழ்ந்திருந்த கூந்தலை அவர் அள்ளி முடித்தபோது, அவர் கைகள் நடுங்கின. அருள் வந்துவிட்டது என்று இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். இதற்காகத்தான் இருபது நாளும். இத்துடன் ஊர் மகிழ்ந்து கலையும் என்றுதான் முன்பு நினைத்திருப்பேன்.

ஆனால் கூட்டம் கலையவில்லை. காந்தாரி வந்தாள். ஒரு கையில் முறம், ஒரு கையில் துடைப்பம், தலைவிரி கோலம். மண் மகனின் முகத்தருகே உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கினாள். அது கூத்துப் பாட்டின் மெட்டே அன்று. இழவு வீட்டு மெட்டு. முதல் அடிக்குச் சுற்றி நின்ற கிழவிகள் அமைதியாக இருந்தார்கள். இரண்டாம் அடிக்கு ஒருத்தி கூடப் பாடினாள். பிறகு பத்துப் பதினைந்து பேர் தோளில் கைபோட்டு வட்டமாகக் குனிந்து மாரடித்து அழத் தொடங்கினார்கள். சற்றுமுன் குலவையிட்டவர்களே அவர்கள். ஆயாவும் அந்த வட்டத்தில் இருந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "நூறு புள்ள பெத்தவ. கொள்ளி வெக்க ஒண்ணுகூட மிஞ்சல பாரு." ஆயாவுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்து, என் தாயாரும் மாமாவுமே தங்கினார்கள்.

பிறகு எல்லாரும் உருவத்தின் மேல் பாய்ந்தார்கள். ஆளுக்கொரு பிடி மண். தொடைமண்ணுக்குத்தான் அதிகப் போட்டி. முகத்தை யாரோ முழுதாகப் பெயர்க்க முயன்று, அது கையில் மூன்று துண்டாக வந்தது. அதைச் செய்த தாத்தாவைத் தேடினேன். வேப்பமரத்தடியில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் தீமிதி. காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் உடையில் கரகத்தின் பின்னே வந்து குண்டத்தைக் கடந்தார்கள். மாமா ஏழாவதாக இறங்கினார். பாதத்தைப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. இதற்கு மேல் எழுத உடம்பில் வலுவில்லை.

எட்டாம் நாள்

தருமர் பட்டாபிஷேகம் காலையிலேயே முடிந்து, மஞ்சள் நீராடிக் கொடி இறக்கினார்கள். வந்திருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. கட்டைகளைப் பழைய வேட்டியில் சுற்றித் தகரப் பெட்டியில் அடுக்கிய ஜமா, அடுத்த வெற்றிலை பாக்குக்காக வந்தவாசிப் பக்கம் புறப்பட்டது. வண்டியின் பின்புறம் துரியோதனனார் முகத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்போடு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். கும்பிட்டேன், கையசைத்தார்.

ஆயா நேற்றைய மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மஞ்சள் துணியில் முடிந்து நெல் குதிருக்குள் போட்டார். விளைச்சல் குறையாது என்பது வழக்கம். மறுபாதியை ஒரு பொட்டலமாக என் பைக்குள் வைத்து, வேலூரில் அரிசிப் பானையில் போட்டு வைக்கச் சொன்னார். கூழும் மோர் மிளகாயும் தந்து அனுப்பினார்.

பேருந்துக்குப் போகும் வழியில் அந்தத் தரிசைக் கடந்தேன். தலையும் தோளும் போய்விட்டன. பாதங்கள் இரண்டும், விரல்கள் உட்பட, அப்படியே இருந்தன. இடது பாதத்தின் நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது.